கண்ணாடி டீபாய் வாங்கப் போகிறீர்களா?

ஹாலில் எத்தனை விலையுயர்ந்த சோபா போட்டிருந்தாலும், நடுவில் ஒரு டீபாய் இல்லாவிட்டால் கோலம் போடாத வாசல் மாதிரி ஒரு வெறிச்! வந்தவர்களுக்குக் காப்பி டம்ளரை வைக்க, காலைப் பேப்பரைப் போட, குழந்தையின் பால் பாட்டிலை வைக்க, தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் தொலைக்க – எல்லாவற்றுக்கும் அதுதானே!

பெயரில் 'டீ' இருப்பதால் தேநீருக்காக ஏற்பட்ட சாமான் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இந்தியில் 'திபாய்' என்றால் மூன்று கால் உள்ளது என்று பொருள். அதாவது, நம்முடைய முக்காலிதான்! வெள்ளைக்காரர்கள் வாயில் புகுந்து 'டீபாய்' ஆகி, நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

அந்த முக்காலிக்கு இப்போது நாலு கால். மரப்பலகை போய்க் கண்ணாடி வந்திருக்கிறது. கண்ணாடி டீபாயின் மேல் நமக்கு ஆசை வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சின்ன ஹாலில் மர டீபாய் போட்டால் இடத்தை அடைத்துக்கொண்ட மாதிரி தெரியும். கண்ணாடி என்றால் கீழே உள்ள தரையும் விரிப்பும் தெரிவதால், கண்ணுக்கு ஹால் பெரிசாகப் படும். காப்பிக் கறை பிடிக்காது. கரையான், பூச்சி பயம் கிடையாது. ஒரு ஈரத் துணி போதும், பளிச்!

ஆனால், ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் அதை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் அண்ணன் மகள் மதுரையில் புது ஃப்ளாட்டுக்குக் குடி போனாள். "அத்தை, கண்ணாடி டீபாய்தான் வாங்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க கூட வர்றீங்களா?" என்று கேட்டாள். இடுப்பில் பத்து மாதப் பையன். சோபா, கட்டில், அம்மாவின் புடவைத் தலைப்பு – எது கைக்கு அகப்பட்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம்.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் கண்ணாடி, பிளைவுட் வியாபாரம் செய்தவர். சாப்பிடும்போதுகூடக் கண்ணாடிப் பேச்சுதான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்த தைரியத்தில் சொன்னேன்: "அழகா இருக்கான்னு கண்ணு பார்த்துக்கும். நீ கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இது உடைஞ்சா எப்படி உடையும்?"

"நல்ல காரியமா சாமான் வாங்கப் போறப்போ உடையறதைப் பத்தியா பேசறது!" என்று அவள் மாமியாருக்கு முகம் சுளித்தது. வாஸ்தவம். ஆனால் கண்ணாடி விஷயத்தில் அதைப் பேசாமல் முடியாது.

உடைவதில் மூன்று ரகம்

கடையில் பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் ஒன்று போலத்தான் இருக்கும். உடையும்போதுதான் குணம் தெரியும்.

முதலாவது, சாதாரணக் கண்ணாடி. ஜன்னலுக்கும், படத்துக்கு ஃபிரேம் போடவும் உபயோகிக்கிறோமே, அது. உடைந்தால் நீள நீளமாக, கத்தி போலக் கூர்மையான சில்லுகளாகப் பிளக்கும். மேஜை மேல் கை ஊன்றியவரின் மணிக்கட்டிலோ, தடுக்கி விழுந்த குழந்தையின் கழுத்திலோ அது பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

இரண்டாவது, 'டஃபன்டு' என்று கடைக்காரர்கள் சொல்லும் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைத்தான் 600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று இரண்டு பக்கமும் குளிர்ந்த காற்றை வேகமாக அடிக்கிறார்கள். மைசூர்பாகு கிளறித் தட்டில் கொட்டினால் மேலே முதலில் இறுகி, உள்ளே இளகலாக இருக்கிறதல்லவா? அதே மாதிரி இதிலும் மேல்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கும்போது மேல்பரப்பை உள்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த இறுக்கத்தினால் அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைப் போல நாலைந்து மடங்கு பலம். அதையும் மீறி உடைந்தால், முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டு போலச் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்துவிடும். கீறல் படலாம், கத்தி வெட்டு மாதிரி ஆழமான காயம் ஏற்படும் அபாயம் வெகுவாகக் குறைவு.

மூன்றாவது, 'லாமினேட்டட்' கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியது. கார்களின் முன்பக்கக் கண்ணாடி இதுதான். உடைந்தாலும் சில்லுகள் அந்தத் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கீழே கொட்டாது. எதுவார் பெனெடிக்டுஸ் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய சோதனைச்சாலையில் ஒரு குப்பி கீழே விழுந்ததாம். விரிசல் விட்டதே தவிர உதிரவில்லையாம். உள்ளே இருந்த திராவகம் உலர்ந்து ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள்.

டஃபன்டு செய்த கண்ணாடிகளையே இரண்டாகச் சேர்த்து லாமினேட் செய்வதும் உண்டு. பலம், பத்திரம் இரண்டும் கிடைக்கும். விலையும், கனமும் அதற்கேற்ப இருக்கும். சாதாரணக் குடும்பத்துக்கு நல்ல டஃபன்டு கண்ணாடியே போதும்.

"இப்பவே அறுத்துத் தர்றேம்மா!"

முதலில் நுழைந்த கடையில் நீள்சதுரமாக ஒரு டீபாய், கண்ணைப் பறித்தது. அண்ணன் மகள் அதை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள்.

"டஃபன்டு கண்ணாடியா தம்பி?" என்று கேட்டேன்.

"சுத்தமான டஃபன்டும்மா! யானை ஏறி நின்னாலும் உடையாது."

"ரொம்ப நல்லது. ஆனா எங்க ஹாலுக்கு ரெண்டு இஞ்ச் நீளம் ஜாஸ்தி. குறைச்சுக் குடுப்பீங்களா?"

"அதுக்கென்னம்மா! நீங்க ஒரு காப்பி சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள அறுத்துக் குடுத்துடறேன்!"

நான் அண்ணன் மகளின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டேன். "ஏன் அத்தை? அவர்தான் சரின்னுட்டாரே?" என்று அவளுக்கு ஒரே குழப்பம்.

விஷயம் இதுதான். டஃபன்டு செய்த கண்ணாடியை அப்புறம் அறுக்க முடியாது. துளை போடவும் முடியாது. போட்டால் முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அளவுக்கு அறுப்பது, விளிம்பைத் தேய்ப்பது, துளை போடுவது எல்லாமே சூளைக்குள் போவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். ஆகவே, 'இப்பவே அறுத்துத் தர்றேன்' என்று யார் சொன்னாலும் ஒன்று நிச்சயம். அது டஃபன்டு இல்லை!

இரண்டாவது கடையில் வயதான ஒரு பெரியவர் இருந்தார். அவரிடமும் அதே கேள்வி. "அது முடியாதும்மா. அளவு குடுத்துட்டுப் போனா, அறுத்து, விளிம்பு தேய்ச்சு, சூளைக்கு அனுப்பி வாங்கித் தரணும். சில நாள் ஆகும், பொறுத்துக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து 'முடியாது' என்று வந்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னும் இரண்டு அடையாளங்கள் சொல்கிறேன். ஒன்று, கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத சின்ன முத்திரை. தயாரிப்பாளர் பெயரும் தர அடையாளமும் அதில் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2553. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தால் திருப்தி. இது ஸ்டிக்கராக இருக்கக் கூடாது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வரக் கூடாது.

இன்னொன்று, வெயிலுக்குப் போடும் 'போலராய்டு' ரகக் கறுப்புக் கண்ணாடி வீட்டில் யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் டீபாயைச் சாய்வாகப் பாருங்கள். டஃபன்டு கண்ணாடியில் பெரும்பாலும் மங்கலான புள்ளிகளோ, பட்டைகளோ வரிசையாகத் தெரியும். காற்று அடித்த தடயம் அது. கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டுமே!

எத்தனை கனம் வேண்டும்?

கண்ணாடியின் கனத்தை மில்லிமீட்டரில், அதாவது 'எம்.எம்.' கணக்கில் சொல்வார்கள். கண்ணாடிக்கு அடியில் எவ்வளவு தாங்கல் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

சுற்றிலும் மரச்சட்டம் இருந்து, அதற்குள் கண்ணாடி பதிந்து உட்கார்ந்தால் 6 எம்.எம். போதும், 8 என்றால் நிம்மதி. நாலு மூலையில் மட்டும் கால்கள் என்றால் 8 முதல் 10 வரை. நடுவில் ஒரே தாங்கல் – மரத்தண்டு மாதிரியோ, யானை பொம்மை மாதிரியோ – இருந்து, கண்ணாடி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் 12க்குக் குறையக் கூடாது.

கனத்தைக் கேட்டால் மட்டும் போதாது, டேப்பை வைத்து விளிம்பில் அளந்து பாருங்கள். விளிம்பு சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தால் மெலிசாகத் தெரியும். அந்த இடத்தில் அளக்காதீர்கள்.

எடையையும் யோசிக்க வேண்டும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 10 எம்.எம். கனம் உள்ள கண்ணாடி சுமார் 18½ கிலோ வரும். நம் வீட்டு காஸ் சிலிண்டரில் நிரப்பியிருக்கும் காஸே 14.2 கிலோதான்! ஆகவே, தினமும் பெருக்கித் துடைக்கும்போது தனியாளாக டீபாயை நகர்த்த முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலி, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பெரிய கண்ணாடியின் எடையையே பிடிமானமாக உபயோகித்துப் பேர் வாங்கிய மேஜை ஒன்று உண்டு. இசாமு நொகுச்சி என்ற சிற்பி அமைத்தது. 1947இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரே மாதிரி வளைந்த இரண்டு மரத்துண்டுகள். மேலே முக்கோணம் போல வளைந்த தடிமனான கண்ணாடி. அது தன் கனத்தினாலேயே மேலே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் நிறைய உண்டு. அவற்றில் கண்ணாடி மெலிந்துபோனால், வேலையே செய்யாத பிடிமானம்தான் மிஞ்சும்!

கையால் அழுத்திப் பாருங்கள்

கண்ணாடி எத்தனை உசத்தியாக இருந்தாலும் கால் சரியில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. கடையிலேயே மூன்று பரீட்சை வையுங்கள்.

ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். எதிர் மூலை லேசாகத் தூக்கினால்கூட அந்த டீபாய் வேண்டாம். பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தை, தன் எடை முழுவதையும் விளிம்பில்தான் போடும்.

அடுத்தது, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிறீச் சத்தமோ, ஆட்டமோ கூடாது.

மூன்றாவது, குனிந்து அடியில் பாருங்கள். கண்ணாடியும் இரும்பும் நேருக்கு நேர் உரசக் கூடாது. நடுவில் ரப்பர் புஷ்ஷோ, ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் பொட்டுகளோ இருக்க வேண்டும். இவை இரண்டு மூன்று வருஷத்தில் காய்ந்து இறுகிவிடும். மாற்றிக்கொள்ளுங்கள், சொற்ப விலைதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கால் என்றால் 304 ரகமா என்று கேளுங்கள். 202 ரகம் விலை குறைவு. ஆனால் சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கிற ஊர்களில் சீக்கிரமே பொட்டுப் பொட்டாகத் துரு ஏறும்.

நம் ஹாலுக்கு எது பொருந்தும்?

இதற்குக் காசு செலவில்லாத ஒரு யோசனை இருக்கிறது. பழைய பேப்பர்களை எடுத்து, வாங்க நினைக்கிற டீபாயின் அளவுக்கு ஒட்டி, ஹால் நடுவில் தரையில் விரித்துவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். யார் யார் எத்தனை தடவை அதை மிதிக்கிறார்கள் என்று பாருங்கள். ஓயாமல் மிதிபட்டால், அந்த அளவு உங்கள் ஹாலுக்குப் பெரிசு என்று அர்த்தம். நாளைக்கு அதே இடத்தில் முழங்கால்தான் இடிபடும்.

பொதுவாக, சோபாவின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு டீபாயின் நீளம் இருந்தால் பார்வையாக இருக்கும். ஆறடி சோபாவுக்கு நாலடி டீபாய். உயரம் சோபாவின் இருக்கை அளவு, அல்லது ஓரிரு அங்குலம் குறைவு. 16லிருந்து 18 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி விட்டால், டம்ளரும் கைக்கு எட்டும், கால் நீட்டவும் முடியும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெளிவான கண்ணாடியின் விளிம்பு பச்சையாகத் தெரிந்தால் அது மட்டம் என்று நினைக்க வேண்டாம்; கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்புச் சத்துதான் காரணம். பச்சையே வேண்டாம் என்பவர்களுக்கு இரும்பு குறைத்த ரகம் கூடுதல் விலையில் கிடைக்கிறது. கறுப்புக் கண்ணாடி கடையில் ராஜகம்பீரமாக இருக்கும். வீட்டில் காலையும் மாலையும் தூசி துடைத்தே கை ஓய்ந்துவிடும்! உறைபனி போல மங்கலாக்கிய கண்ணாடியில் கைரேகை தெரியாது. அதோடு, 'இங்கே ஒரு சாமான் இருக்கிறது' என்று கண்ணுக்கும் நன்றாகப் படும். இது ரொம்ப முக்கியம், ஏன் என்று பாருங்கள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

குழந்தைகள் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கும். பிறகு அதே சாமானைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நடை பழகும். இந்த வேலைக்கு டீபாயைப் போல வாகான உயரம் வேறு எதற்கும் கிடையாது! தடுக்கி விழுந்தால் நெற்றி, வாய், தாடை எல்லாம் நேராக விளிம்பில்தான் போய் மோதும்.

ஆகவே, நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் கூர் மூலை வேண்டவே வேண்டாம். வட்டமோ முட்டை வடிவமோ நல்லது. சதுரம்தான் வேண்டுமென்றால் மூலைகளை நன்றாக வளைத்து, விளிம்பைப் பென்சில் போல உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். மரச்சட்டத்துக்குள் கண்ணாடி பதித்த டீபாய் இன்னும் மேல். குழந்தையின் கை பிடிப்பது மரத்தை. கண்ணாடி விளிம்பு உள்ளே பத்திரமாக இருக்கும். டஃபன்டு கண்ணாடியின் பலவீனமான இடமே விளிம்புதான். நடுவில் விழுகிற அடியைத் தாங்கும். விளிம்பில் சின்ன இரும்புச் சாமான் பட்டால்கூட உதிர்ந்துவிடலாம்.

அண்ணன் மகள் அந்தப் பெரியவரிடம் இதைத்தான் சொல்லிச் செய்யச் சொன்னாள். முட்டை வடிவத் தேக்குச் சட்டம், உள்ளே 8 எம்.எம். மங்கல் கண்ணாடி. முதலில் ஆசைப்பட்டதைப் போலப் பளபளவென்று இல்லைதான். அவளுக்குக் கொஞ்சம் குறைதான். "பரவாயில்லை அத்தை, ராத்திரி நிம்மதியாத் தூங்கலாமில்லே!" என்றாள்.

ரொம்பவும் துறுதுறுத்த குழந்தைகள் இருக்கிற வீட்டில், அவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை பிரம்பு டீபாயோ, மெத்தை வைத்த மோடாவோ போட்டுக்கொண்டு காத்திருப்பதில் ஒன்றும் கெட்டுப்போகாது. கண்ணாடி எங்கேயும் ஓடிவிடாது.

பெரியவர்களையும் மறக்கக் கூடாது. கண்புரை உள்ளவர்களுக்குத் தெளிவான கண்ணாடி இருப்பதே தெரியாது. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டு ரத்தம் வந்தால்கூடத் தெரியாமல் இருப்பார்கள்; புண்ணும் லேசில் ஆறாது. இப்படிப்பட்டவர்கள் இருக்கிற வீட்டில் ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் டீபாய் இருக்கக் கூடாது. ஹாலில் ஒரு சின்ன விளக்கும் எரியட்டும்.

இவை கண்டிப்பாகக் கூடாது

ஃபேன் துடைக்கவோ, பரணில் சாமான் எடுக்கவோ டீபாய் மேல் ஏறாதீர்கள். கொலு சமயத்தில் இந்த ஞாபகம் ரொம்ப முக்கியம்! யாரையும் அதன் மேல் உட்காரவும் விடாதீர்கள்.

அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையோ, தோசைக்கல்லையோ நேராக வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி சுமார் 40 டிகிரி வித்தியாசத்துக்கே விரிசல் விடக் கூடியது. டஃபன்டு கண்ணாடி சுமார் 200 டிகிரி வரை தாங்கும் என்றாலும், அடியில் ஒரு மணையோ, பின்னல் விரிப்போ போடுவதுதான் நல்ல பழக்கம்.

விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால்கூட 'பரவாயில்லை' என்று விடாதீர்கள். அந்த இடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் உடையலாம். கண்ணாடியை மாற்றிவிடுங்கள். மிக மிக அபூர்வமாக, உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகளினால் டஃபன்டு கண்ணாடி தானாகவே உதிர்வதும் உண்டு. 'பேய் உடைத்தது' என்று பயப்பட வேண்டாம்!

ஏற்கெனவே சாதாரணக் கண்ணாடி போட்ட டீபாய் வீட்டில் இருக்கிறதா? தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே அளவுக்குப் பேப்பரில் அச்சு எடுத்துக்கொடுத்து, டஃபன்டு பலகை ஒன்று செய்து மாற்றிக்கொள்ளலாம். அதுவரையில், கண்ணாடியின் அடிப்பக்கம் 'சேஃப்டி ஃபிலிம்' என்கிற தாளை ஒட்டச் செய்யுங்கள். உடைந்தாலும் பெரும்பாலான சில்லுகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் தட்டிவிட்டுப் பிறகுதான் ஈரத் துணி. மண் துகளோடு தேய்த்தால் கீறல் விழும். உப்புத் தண்ணீர்க் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். இரும்பு நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் பக்கமே வரக் கூடாது.

உடைந்துவிட்டால்…

முதலில் குழந்தையைத் தூக்கி வேறு அறையில் விடுங்கள். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளைத் துடைப்பத்தாலும் முறத்தாலும் அள்ளுங்கள். வெறும் கை கூடாது. பொடித் துகளுக்கு, நனைத்த பேப்பரோ, பிசைந்த சப்பாத்தி மாவோ கொண்டு ஒற்றி எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால், மிச்சம் மீதி மின்னிக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் பல மடிப்புப் பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதிப் போடுங்கள். குப்பை அள்ளுபவருக்கும் கை இருக்கிறதே!

காயம் பட்டுவிட்டால், தயவுசெய்து காப்பித் தூளையும் மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் தேடி ஓடாதீர்கள். காயத்தில் அழுக்குத்தான் சேரும். டாக்டருக்கும் சுத்தம் செய்வது கஷ்டம். சின்னக் கீறலைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து, பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடி உள்ளே செருகியிருந்தால் பிடுங்கக் கூடாது. அதன் மேல் அழுத்தாமல் இரண்டு பக்கமும் அழுத்தியபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம், தாமதிக்கவே கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள். தோலுக்கடியில் துண்டு இருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

பில்லில் எழுதி வாங்குங்கள்

கடைசியாக ஒன்று. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பில்லிலேயே 'டஃபன்டு கண்ணாடி, இத்தனை எம்.எம்., விளிம்பு பாலிஷ், மூலை வளைவு' என்று எழுதச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்! சாமான் வீட்டுக்கு வந்ததும், இறக்கியவர்கள் கிளம்புவதற்கு முன்பே விளிம்பு முழுவதையும் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருக்கிறதா, மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

புடவை வாங்கினால் சாயம் போகுமா என்று கேட்கிறோம். அரிசி வாங்கினால் பழசா புதுசா என்று கேட்கிறோம். கண்ணாடி வாங்கும்போது 'உடைந்தால் எப்படி உடையும்?' என்று கேட்பதற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?